மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் தொடுதிரை செயலிழத்தல்

மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் தொடுதிரை செயலிழத்தல் என்பது, திறன்பேசியின் இயங்குதளம் புதிய பதிப்புக்கு மாறிய பிறகு, திரையில் படம் தெரிந்தாலும் விரல் தொடுகையை அது ஏற்காமல் போகும் கோளாறாகும். திரை முழுவதும் தொடுகையை இழக்கலாம். ஒரு பகுதி மட்டும் இழக்கலாம். யாரும் தொடாமலேயே செயலிகள் தாமாகத் திறக்கவும் கூடும். இக்கோளாறில் திரையைவிட மதிப்பு மிக்கது பெரும்பாலும் உள்ளே இருக்கும் தரவுதான். ஒளிப்படங்கள், தொடர்பு எண்கள், யூபிஐ செயலிகள் அனைத்தும் பூட்டுத்திரைக்குப் பின்னால் உள்ளன. எனவே தரவை அழிக்காத வழிகளை முதலில் செய்து பார்த்து, அழிக்கக்கூடியவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்வதே இதைச் சரிசெய்யும் முறையின் அடிப்படை.

காரணங்கள்

இன்றைய திறன்பேசிகளில் இருப்பது மின்தேக்கத் தொடுதிரை. கண்ணாடிக்கு அடியில், ஒளி ஊடுருவும் மின்கடத்தியால் ஆன நுண்ணிய கட்டங்கள் உள்ளன. விரல் பட்ட இடத்தில் மின்தேக்க அளவு மாறுகிறது. தொடு கட்டுப்பாட்டுச் சில்லு அந்த மாற்றத்தை நொடிக்குப் பல முறை அளந்து, தொட்ட இடத்தை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கிறது. படத்தைக் காட்டும் பகுதியும் தொடுகையை உணரும் பகுதியும் வெவ்வேறு என்பதால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யலாம்.

தொடு சில்லுக்குள் நிலைபொருள் என்னும் சிறிய மென்பொருள் இயங்குகிறது. அதனுடன் பேசுவதற்கான இயக்கி இயங்குதளத்தில் உள்ளது. புதுப்பிப்பின்போது இவ்விரண்டும் மாறக்கூடும். நிறுவனம் தன் தொழிற்சாலைத் திரைகளை வைத்தே புதுப்பிப்பைச் சோதிக்கிறது. வெளியில் மாற்றப்பட்ட திரையில் வேறு வகைச் சில்லு இருந்தால், அதுவரை ஒழுங்காக வேலை செய்த திரையும் புதுப்பிப்புக்குப் பின் நின்றுபோகலாம்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2017 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 11.0.3, அசல் அல்லாத உதிரிபாகங்களால் பழுதுபார்க்கப்பட்ட சில ஐபோன் 6எஸ் கருவிகளில் தொடுகை நின்றுபோன சிக்கலைச் சரிசெய்தது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, அசல் அல்லாத திரை பொருத்தப்பட்ட சில ஐபோன் 8 கருவிகளுக்கும் இதுவே நேர்ந்தது. அடுத்த மாதம் வந்த 11.3.1 பதிப்பு அதைத் தீர்த்தது. இரண்டு முறையும் தீர்வு மென்பொருள் வழியாகவே வந்தது. திரையை உடனே மாற்றியவர்களுக்கு அது வீண்செலவாக முடிந்திருக்கும்.

2020இல் சாம்சங் கேலக்சி எஸ்20 எப்இ விற்பனைக்கு வந்த புதிதில் தொடுகைக் குறைபாடுகள் தெரியவந்தன. அவற்றைச் சரிசெய்ய அந்நிறுவனமும் புதுப்பிப்புகளையே வெளியிட்டது.

முதலில் செய்ய வேண்டியவை

தொடுகை ஓரளவேனும் வேலை செய்தால், மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே தரவைப் படியெடுப்பது நல்லது. மறுதொடக்கத்துக்குப் பின் முதல் முறை திறக்கக் கைரேகை போதாது. கடவு எண்ணையோ வடிவத்தையோ திரையில் இட வேண்டும். எண்கள் தோன்றும் இடத்தில் தொடுகை இல்லையென்றால் உள்ளே நுழைய முடியாது.

அடுத்து, உறையையும் திரைக் காப்புக் கண்ணாடியையும் கழற்றி, திரையை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். புதுச்சேரியின் தவளக்குப்பம் போன்ற கடலை ஒட்டிய ஊர்களில் வியர்வையும் ஈரமும் தொடு சில்லைக் குழப்புவது உண்டு. தரம் குறைந்த மின்னேற்றியின் மின்னிரைச்சலும் பொய்த் தொடுகையை உண்டாக்கும் என்பதால், அதைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். கருவியின் பின்பக்கம் உப்பியிருந்தால் மின்கலம் வீங்கித் திரையை அழுத்துகிறது என்று பொருள். அந்நிலையில் மின்னேற்றாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இதன்பின் கட்டாய மறுதொடக்கம். பல ஆண்ட்ராய்டு கருவிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து நொடிக்கு மேல் அழுத்த வேண்டும். ஐபோன் 8 முதலான கருவிகளில் ஒலி கூட்டும் பொத்தானையும் பிறகு குறைக்கும் பொத்தானையும் ஒருமுறை தட்டிவிட்டு, ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை பக்கப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். இதனால் தரவு அழியாது.

சுட்டியைக் கொண்டு இயக்குதல்

தொடுகை முற்றிலும் இல்லாதபோது ஆண்ட்ராய்டு கருவிகளுக்குப் பெரிதும் உதவுவது ஓடிஜி இணைப்பியும் கணினிச் சுட்டியும் ஆகும். சுட்டியை இணைத்ததும் திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டு பூட்டைத் திறந்து, தரவைப் படியெடுத்து, புதிய புதுப்பிப்பு வந்துள்ளதா என்றும் பார்க்கலாம். சில நிறுவனங்களின் கருவிகளில் ஓடிஜி வசதியை அமைப்புகளில் முன்பே இயக்கியிருந்தால்தான் இது பலிக்கும்.

மென்பொருளா, வன்பொருளா?

பாதுகாப்பு முறையில் தொடங்கும்போது நாம் நிறுவிய செயலிகள் இயங்கா. அப்போது தொடுகை சரியாக இருந்தால், ஏதோ ஒரு செயலியே காரணம். சாம்சங் கருவிகள் பலவற்றில் *#0*# என்று அழைப்புப் பகுதியில் இட்டால் திரைச் சோதனை திறக்கும். எப்போதும் ஒரே பட்டையிலோ மூலையிலோ தொடுகை இல்லையென்றால், அது பெரும்பாலும் வன்பொருள் பழுது. திரை முழுவதும் புதுப்பிப்பு முடிந்த உடனே நின்றிருந்தால் மென்பொருளையும் சந்தேகிக்க வேண்டும். கருவி முன்பு கீழே விழுந்ததா, திரை மாற்றப்பட்டதா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தரவை அழிக்கும் வழிகள்

ரெக்கவரி எனப்படும் மீட்பு நிலையைப் பக்கப் பொத்தான்களைக் கொண்டே இயக்கலாம். அதில் 'வைப் கேச் பார்ட்டிஷன்' இருந்தால் அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். அதன் அருகிலேயே இருக்கும் 'வைப் டேட்டா' அனைத்தையும் அழித்துவிடும். ஐபோனைக் கணினியுடன் இணைத்து மீட்பு நிலைக்குக் கொண்டுவந்தால் இரண்டு தேர்வுகள் தோன்றும்: 'அப்டேட்' தரவை வைத்துக்கொண்டே இயங்குதளத்தை மீண்டும் நிறுவ முயலும், 'ரீஸ்டோர்' அழித்துவிட்டு நிறுவும்.

ஆண்ட்ராய்டு கருவியை மீட்பு நிலை வழியாக முழுமையாக மீட்டமைத்தால், முன்பிருந்த கூகுள் கணக்கின் விவரத்தைக் கருவி கேட்கும். கடவுச்சொல் நினைவில் இல்லாமல் இதைச் செய்தால் கருவியே பூட்டப்பட்டுவிடும். பழைய பதிப்புக்குத் திரும்புவதும் எளிதன்று. பூட்லோடரைத் திறக்கும்போதே தரவு அழிகிறது. எனவே கடையில் 'சாப்ட்வேர் போட' ஒப்புக்கொள்ளும் முன், தரவு அழியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

நுகர்வோர் உரிமை

புதுப்பிப்பு தேதி, பதிப்பு எண், கோளாறைக் காட்டும் காணொளி, வாங்கிய ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது முறையீட்டுக்கு வலு சேர்க்கும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பது பயன் தரலாம். 2021 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 11 புதுப்பிப்பால் ஷாவ்மி மி ஏ3 கருவிகள் செயலிழந்தபோது, உத்தரவாதம் முடிந்தவற்றையும் இலவசமாகச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி, முறையீட்டாளர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். தவளக்குப்பத்தில் வசிப்பவர், கருவியைச் சென்னையிலோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும், புதுச்சேரியிலேயே முறையிட முடியும். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிணக்கு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.