பாட்டில் மூன்று, மருந்து ஒன்று!

காய்ச்சல், ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. தாய் அலமாரியில் இருந்த காய்ச்சல் மருந்தை எடுத்துக் கொடுக்கிறாள். பிறகு அடுப்படி வேலையைப் பார்க்கப் போகிறாள்.

சற்று நேரம் கழித்துப் பாட்டி வருகிறாள். பேரனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். "ஐயோ, பிள்ளைக்கு இன்னும் சுடுகிறதே!" என்று பதறுகிறாள். மகள் வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு பாட்டில் அவள் பையில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கரண்டி கொடுக்கிறாள்.

இரவு எட்டு மணிக்குத் தந்தை வேலையிலிருந்து திரும்புகிறார். வரும் வழியிலேயே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். "குழந்தைக்குக் காய்ச்சல். மூக்கும் ஒழுகுகிறது" என்று சொல்லி ஒரு மருந்து வாங்கி வந்திருக்கிறார். அதையும் கொடுக்கிறார்.

மூவருக்கும் பிள்ளை மேல் உயிர். ஆனால் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. மறுநாளும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. ஆனால் குழந்தை வாந்தி எடுக்கிறது. துவண்டு கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: "என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

மூன்று பாட்டில்களும் மேஜைக்கு வருகின்றன. மூன்றும் மூன்று நிறம். மூன்றுக்கும் மூன்று பெயர். டாக்டர் பாட்டில்களைத் திருப்பிப் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படிக்கிறார். மூன்றிலும் ஒரே மருந்து. அதன் பெயர், பாரசிட்டமால்!

காலத்தில் கொண்டு வந்தால் இப்படிப்பட்ட குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் பெயரைப் படித்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க வேண்டாம் அல்லவா?

தவறுதலாகக் கிடைத்தது

பாரசிட்டமால் கெட்ட மருந்தா? இல்லவே இல்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் உலகம் முழுவதும் கொடுக்கப்படும் நல்ல மருந்து அது.

அதன் கதை சுவையானது. 1886-ம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்று இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். வயிற்றுப் பூச்சிக்காக நாப்தலீன் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடையில் தவறுதலாக வேறு ஒரு பொருளைக் கொடுத்துவிட்டார்கள். அது பூச்சியைப் போக்கவில்லை. நோயாளியின் காய்ச்சலைக் குறைத்தது! அந்தப் பொருளின் பெயர் அசிட்டனிலைடு.

அது விற்பனைக்கும் வந்தது. ஆனால் சாப்பிட்ட சிலருக்கு உடம்பு நீலம் பாரித்தது. 1948-ம் ஆண்டு அமெரிக்காவில் பிராடி, ஆக்சல்ராட் என்ற விஞ்ஞானிகள் உண்மையைக் கண்டு சொன்னார்கள். அந்தப் பழைய மருந்து உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறுகிறது. அப்படி மாறியதுதான் வலியைப் போக்குகிறது என்றார்கள். மாறியது எது? பாரசிட்டமால். 1955-ம் ஆண்டு அமெரிக்காவில் அது குழந்தைகளுக்கான திரவ மருந்தாக விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு இங்கிலாந்தில் மாத்திரையாக வந்தது.

இன்று அது இல்லாத மருந்துக் கடை இல்லை. அதில்தான் சிக்கலும் இருக்கிறது.

ஆளுக்கொரு பெயர்

ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர்.

வெளிநாட்டு உறவினர்கள் ஊருக்கு வரும்போது மாத்திரை டப்பாக்களும் கொண்டு வருவது உண்டு. அமெரிக்க டப்பாவில் "அசிட்டமினோபென்" என்று எழுதியிருக்கும். அது வேறு மருந்து அல்ல. பாரசிட்டமாலுக்கு அமெரிக்கர்கள் வைத்துள்ள பெயர்தான் அது.

ஜலதோஷ மாத்திரைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. பெரும்பாலும் ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். மூக்கு ஒழுகலுக்கு ஒன்று. மூக்கடைப்புக்கு ஒன்று. இது தெரியாமல், "இது ஜலதோஷத்துக்கு, இது காய்ச்சலுக்கு" என்று இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் பாரசிட்டமாலை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறார்கள்.

கல்லீரலுக்கு ஆபத்து

கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

நாம் சாப்பிடும் பாரசிட்டமாலைப் பக்குவப்படுத்தி வெளியே அனுப்புவது கல்லீரல். அப்போது சிறிதளவு நச்சுப் பொருள் உண்டாகும். அதை உடனே முறிக்கும் பொருளும் கல்லீரலிலேயே இருக்கிறது. அளவாகச் சாப்பிட்டால் நச்சு முறிந்துவிடும். அளவு மீறினால் முறிக்கும் பொருள் தீர்ந்துவிடும். அப்புறம் நச்சு கல்லீரலையே தாக்கும்.

இதில் பெரிய மோசம் ஒன்று உண்டு. முதல் நாள் ஒன்றுமே தெரியாது. குமட்டலோடு நின்றுவிடும். இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரல் கெட்டது தெரியும். ஆகவே, அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும்.

இங்கிலாந்தில் 1998-ம் ஆண்டு இதற்காகவே ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். சாதாரணக் கடைகளில் விற்கும் பாக்கெட்டில் 16 மாத்திரைக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆக்கினார்கள்.

பெரியவர்களுக்கு எவ்வளவு?

500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாள் முழுவதும் சேர்த்து 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 8 மாத்திரை. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் 6 மாத்திரையே எல்லை.

இது எல்லைதானே தவிர, அவ்வளவும் சாப்பிட வேண்டும் என்பதில்லை. ஒரு மாத்திரையில் சுகம் கிடைத்தால் ஒன்றே போதும். மெலிந்த உடம்புக்காரர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மதுப் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைவாகவே சாப்பிட வேண்டும்.

குழந்தைக்கு எடைதான் கணக்கு

குழந்தைக்கு வயதைவிட எடைதான் முக்கியம். எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் பாரசிட்டமால் என்பது டாக்டர்களின் கணக்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

பாட்டிலுக்குப் பாட்டில் மருந்தின் வீரியம் மாறும். ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250 இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ இன்னும் வீரியமானது. அதில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தைத் தெரியாமல் 5 மில்லி ஊற்றினால் என்ன ஆகும்? பெரிய ஆள் விழுங்கும் முழு மாத்திரை அந்தச் சிறு வயிற்றுக்குள் போய்விடும்!

சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். கரண்டிக்குக் கரண்டி அளவு வேறு. பாட்டிலோடு வரும் அளவு மூடி அல்லது குழாயைப் பயன்படுத்துங்கள்.

தும்மலுக்குச் சாப்பிட்டால் தூக்கம்

தூசி பட்டால் சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். கண் அரிக்கும். தோலில் தடிப்பு எழும். இதை அலர்ஜி என்கிறார்கள். குளோர்பெனிரமின் என்ற பழைய மருந்து இதற்குக் கேட்கும். ஆனால் கண்ணைச் சுழற்றித் தூக்கம் வரும். செட்டிரிசின் என்ற மருந்தில் தூக்கம் குறைவு; அதிலும் சிலருக்குத் தூக்கம் வருவது உண்டு.

பஸ், லாரி ஓட்டுகிறவர்கள், மில்லில் இயந்திரத்தின் முன் நிற்கிறவர்கள், சாரம் ஏறிக் கட்டிட வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இதோடு மது சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். சிறுநீர் பிரியாமல் கஷ்டப்படும் முதியவர்களுக்குக் குளோர்பெனிரமின் தொல்லையை அதிகமாக்கும்.

மூக்கடைப்பு மாத்திரை ரத்தக் கொதிப்பை ஏற்றக்கூடும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. அடைப்பை நீக்கும் மூக்குச் சொட்டு மருந்தையும் நாள் கணக்கில் போடக் கூடாது. ஐந்து நாளைத் தாண்டினால் அந்த மருந்தாலேயே மூக்கு அடைத்துக்கொள்ளும்.

ஆஸ்பிரின் வேண்டாம்

குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் "ரே" என்ற நோய் அதனால் வரக்கூடும். 1963-ம் ஆண்டு இந்த நோயைப் பற்றி எழுதிய ஆஸ்திரேலிய டாக்டரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

மழைக் காலத்தில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரின், ஐபுபுரூபன் இரண்டும் பெரியவர்களுக்கும் ஆகாது. ரத்தக் கசிவை அவை அதிகமாக்கும்.

இருமல் மருந்து தேவையா?

2025-ம் ஆண்டு மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா வட்டாரத்தில் பெருந்துயரம் நடந்தது. இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அந்த மருந்து தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது.

அந்தத் தாய்மார்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பாட்டிலுக்குள் விஷம் இருப்பதை எந்தத் தாயால் அறிய முடியும்?

ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளலாம். சின்னக் குழந்தையின் சாதாரணச் சளி, இருமலுக்கு மருந்தே பெரும்பாலும் தேவையில்லை. தானாகவே சரியாகிவிடும். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறையும் இதைச் சொன்னது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்து கூடாது. ஐந்து வயது வரை பொதுவாக வேண்டாம் என்று அறிவித்தது.

ஜலதோஷம் வைரஸ் கிருமியால் வருவது. பென்சிலின் போன்ற மருந்துகள் அதைக் கொல்லா. அவை பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமியைத்தான் கொல்லும். எனவே சாதாரண ஜலதோஷத்துக்கு அவற்றைக் கடையில் கேட்டு வாங்குவது வீண்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஓய்வு கொடுங்கள். கஞ்சி, ரசம், இளநீர், வெந்நீர் கொடுங்கள். கைக்குழந்தைக்கு அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. காய்ச்சல் குழந்தையைக் கம்பளியால் மூடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணி போதும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்கார வைத்து ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். வெந்நீர் கவிழ்ந்து உடம்பு வெந்துபோகும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். மற்றவர்களுக்குக் காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் போக வேண்டும். வலிப்பு, மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, சிறுநீர் குறைதல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்றுவலியோ ரத்தக் கசிவோ வந்தால் அது டெங்குவின் ஆபத்தான அறிகுறி.

போகும்போது வீட்டில் கொடுத்த எல்லா மருந்துகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

காலண்டரில் எழுதுங்கள்!

மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அந்தத் துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. பெயரும் தேதியும் உள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள். அதைப் படிக்க முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "இதில் பாரசிட்டமால் இருக்கிறதா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

மருந்து கொடுத்ததும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் எழுதுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணி என்று எழுதினால் போதும். தாய் எழுதியதைப் பாட்டி பார்ப்பாள். எழுத்துத் தெரியாத பாட்டியாக இருந்தாலும், தாளில் கோடு விழுந்திருந்தால் "யார் கொடுத்தது?" என்று கேட்பாள். இருவரும் கொடுத்ததைத் தந்தை பார்ப்பார். கையில் இருக்கும் மூன்றாவது பாட்டிலைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார்.

குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.