நற்பெயரின் விலை: மென் அதிகாரமும் உள்நாட்டு அநீதியும்

படையாலும் பணத்தாலும் அன்றி, ஈர்ப்பினால் பிறரை இணங்கச் செய்யும் ஆற்றலுக்கு 'மென் அதிகாரம்' என்று பெயரிட்டவர் ஜோசப் நை. அயல்நாட்டு மக்களிடம் நேரடியாகப் பேசும் பொது ராஜதந்திரம் அதன் கருவி. உள்நாட்டு அநீதி அக்கருவியை மழுங்கடித்துவிடும்.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக அனுப்பியது. அதன் தென் மாநிலங்களிலோ கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளிகள். நிறப்பாகுபாடு அயலுறவைக் கெடுக்கிறது என்று பிரவுன் வழக்கில் 1952இல் அமெரிக்க அரசே உச்ச நீதிமன்றத்தில் எழுத்துமூலம் வாதிட்டது. பள்ளிப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என 1954இல் தீர்ப்பு வந்தது. 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் தடுக்கப்பட்டபோது, அரசின் சார்பில் சோவியத் ஒன்றியம் செல்ல லூயி ஆம்ஸ்ட்ராங் மறுத்தார். அம்மாதமே கூட்டாட்சி அரசின் படை அம்மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் சென்றது.

2001 டர்பன் மாநாட்டில், சாதி உள்நாட்டு விவகாரம் என்று கூறி அதை விவாதிப்பதை இந்திய அரசு எதிர்த்தது. இந்தியா 1968இலேயே ஏற்புறுதி அளித்த இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல் உண்டு. அதில் சாதியும் அடங்கும் என ஐ.நா. குழு 2002இல் தெளிவுபடுத்தியது.

அரசுக்கு நற்பெயர் தேவைப்படும் இடமே, ஒடுக்கப்பட்டோர் நீதி கேட்க வேண்டிய இடம்.