பலகையும் பொதுவெளியும்



நகரத்துக் கடைத்தெருவை ஒரு திறந்த நூல் எனலாம். மளிகைக் கடை, மருந்துக் கடை, தையற்கடை, உணவகம் என ஒவ்வொன்றும் தன் பெயரைப் பலகையில் எழுதி நம்மைப் படிக்க அழைக்கிறது. பெற்றோரின் பணி காரணமாக வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குழந்தைகளுள் பலர், அவ்வூரின் எழுத்துகளைப் பாடநூலில் கற்பதற்கு முன்பே, பேருந்துச் சன்னல் வழியே பலகைகளைப் பார்த்துப் பழகிவிடுகின்றனர்.

இப்பலகைகளை எவரும் தாம் விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில் வைத்துவிட இயலுமா? இயலாது. ஒவ்வொரு நகரமும் இதற்கென விதிகளை வகுத்துள்ளது. அவ்விதிகள் யாவை, அவை எதற்காக என்பதை மும்பை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அறிவோம்.

விதி எதற்காக?

பலகை அதனை வைத்தவருக்கு உரியது. ஆனால் அது நிற்கும் தெருவும், அதனை நோக்கும் கண்களும், அதன்கீழ் நடப்போரின் உயிரும் அவருக்கு உரியவை அல்ல. வணிகர் தம் பொருளைப் பிறர் அறியச் செய்வது அவரது பிழைப்புக்குத் தேவை. நடந்து செல்பவர் அச்சமின்றிச் செல்வது அவரது உரிமை. இவ்விரண்டும் மோதாமல் காப்பதே நகராட்சியின் பணியாகும்.

ஓட்டுநரின் கவனத்தைச் சிதறச் செய்யும் பலகை, போக்குவரத்து விளக்கை மறைக்கும் பலகை, வீட்டுச் சன்னலின் காற்றையும் ஒளியையும் தடுக்கும் பலகை ஆகியன பிறருக்குத் தீங்கு விளைவிப்பன. தில்லியில் சாலையோர விளம்பரப் பலகைகள் போக்குவரத்துக்கு இடையூறாக இருந்தமையால், அத்தகையவற்றை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 1997-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது.

இருவகைப் பலகைகள்

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 328, 328-அ ஆகிய பிரிவுகள் விளம்பரங்களைப் பற்றிக் கூறுகின்றன.

கடைக்காரர் ஒருவர் தம் கடையின் பெயரையும் தொழிலையும் எழுதித் தம் கட்டடத்திலேயே மாட்டும் எளிய பலகைக்கு இச்சட்டப்படி தனி அனுமதி தேவையில்லை. அப்பலகைக்கு விளக்கொளி அமைத்தால் அனுமதி பெறுதல் வேண்டும். ஓர் இடத்தில் நின்றுகொண்டு வேறோர் இடத்துப் பொருளை விளம்பரம் செய்யும் பலகைக்கும் அனுமதி தேவை.

கம்பத்தின்மீதோ கட்டடத்தின் உச்சியிலோ, வானத்தைப் பின்னணியாகக் கொண்டு தெருவிலிருந்து தெரியுமாறு நிற்கும் பலகைகளைச் சட்டம் தனி வகையாகக் கருதுகிறது. உயரத்தில் நிற்பவை விழுந்தால் விளையும் கேடு பெரிது. ஆகவே அவற்றுக்கான விதிகளும் கடுமையானவை.

அனுமதி பெறும் முறை

பெரிய பலகை ஒன்றை வைக்க விரும்புபவர் மாநகராட்சியின் உரிமத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நில உரிமையாளரின் ஒப்புதல், பலகையின் வரைபடம், கட்டமைப்புப் பொறியாளர் வழங்கும் உறுதிச் சான்றிதழ் ஆகியவற்றை அளித்தல் வேண்டும். போக்குவரத்துக் காவல்துறைக்கு மறுப்பு இல்லை என்பதற்கான சான்றும் தேவை. பழம்பெரும் கட்டடங்கள் உள்ள பகுதியாயின், பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் கருத்தும் கேட்கப்படும். பலகையின் பரப்பளவுக்கும் விளக்கொளி உண்டா இல்லையா என்பதற்கும் ஏற்பக் கட்டணம் மாறுபடும்.

வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பலகைக்கு ஒருமுறை தரும் அனுமதி இரண்டு ஆண்டுகளுக்கு மிகாது. அதன்பின் புதுப்பித்தல் வேண்டும். இடையில் பலகையின் வடிவத்தை மாற்றினாலோ, அதில் கூடுதலாக ஏதேனும் சேர்த்தாலோ, அதன் ஒரு பகுதி விழுந்தாலோ பழைய அனுமதி செல்லாததாகிவிடும்.

இவ்விதி ஏன்? மழையும் உப்புக் காற்றும் இரும்பை அரிக்கின்றன. திருகாணிகள் தளர்கின்றன. அனுமதி பெற்ற நாளில் உறுதியாக இருந்த பலகை, சில ஆண்டுகளில் வலுவிழந்து போகலாம். தாளில் உள்ள முத்திரை இரும்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை. எனவேதான் மீண்டும் மீண்டும் ஆய்வு செய்தல் இன்றியமையாததாகிறது.

நாற்பதும் நூற்றிருபதும்

2024-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் மாலை, மும்பையில் புழுதிப் புயலுடன் மழை பெய்தது. காட்கோபர் பகுதியில் நெடுஞ்சாலையோரம் நின்ற மாபெரும் விளம்பரப் பலகை ஒன்று அருகிலிருந்த பெட்ரோல் நிலையத்தின்மீது சாய்ந்தது. எரிபொருள் நிரப்ப வந்தவர்களும், மழைக்கு ஒதுங்கியவர்களும் அதனடியில் சிக்கினர். 17 பேர் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

மாநகராட்சி அனுமதிக்கும் பெரும அளவு 40 அடி நீளமும் 40 அடி உயரமும் ஆகும். விழுந்த பலகையோ ஏறத்தாழ 120 அடிக்கு 120 அடி. அளவு மூன்று மடங்குதானே எனத் தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள். முதலாவதன் பரப்பு 1,600 சதுர அடி. இரண்டாவதன் பரப்பு 14,400 சதுர அடி. அஃதாவது ஒன்பது மடங்கு.

காற்று பலகையைத் தள்ளும் விசை அதன் பரப்பளவுக்கு ஏற்பப் பெருகும். காற்றின் வேகம் இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். பலகை உயர்ந்து நிற்க நிற்க, அதன் அடித்தளத்தைப் பெயர்க்கும் ஆற்றலும் மிகும். அளவுக்கு எல்லை வகுத்திருப்பது வணிகரை ஒடுக்குவதற்காக அன்று என்பது இக்கணக்கால் விளங்கும்.

அப்பலகை நின்ற நிலம் ரயில்வே காவல்துறையின் பொறுப்பில் இருந்தது. தன்னிடம் அனுமதி பெறப்படவில்லை என்று மாநகராட்சி தெரிவித்தது. ஒரே நகரத்துக்குள் நிலங்கள் பல துறைகளுக்கு உரியனவாக இருக்கையில், எவருடைய விதி எங்குச் செல்லும் என்ற வினா எழுகிறது. நிலத்தின் எல்லையைக் காற்று அறியாது. ஆகவே, நிலம் எவருடையதாயினும் பாதுகாப்பு விதி ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே இத்துயரம் நமக்கு உணர்த்தும் பாடம். விபத்துக்குப்பின் மாநகராட்சி, ரயில்வே நிலங்களில் நின்ற அளவுமீறிய பலகைகளையும் அகற்றுமாறு அறிவிக்கை அனுப்பியது.

பலகையின் மொழி

பலகை எவ்வளவு பெரிது என்பதோடு, அது எம்மொழியில் பேசுகிறது என்பதையும் அரசுகள் கருத்திற்கொள்கின்றன. மகாராட்டிரத்தில் கடைகளின் பெயர்ப்பலகையில் தேவநாகரி எழுத்தில் மராத்தி இடம்பெறுதல் வேண்டும். அவ்வெழுத்துகள் பிறமொழி எழுத்துகளைவிடச் சிறியனவாக இருத்தல் கூடாது. முன்பு பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் கடைகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எல்லாக் கடைகளுக்கும் பொருந்துவதாயிற்று. கருநாடகத்தில் 2024-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிலும் பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, முதன்மையாக இடம்பெறுதல் வேண்டும் என்பது விதி.

இவ்விதிகள் பிறமொழிகளை விலக்குவன அல்ல. உள்ளூர் மொழிக்கு உரிய இடம் தந்தபின், பிறமொழியையும் எழுதலாம். மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும் மராத்தியோடு தமிழ் எழுத்துகளையும் தாங்கிய பலகைகளைக் காணலாம். நாம் வாழும் ஊரின் மொழியை மதிப்பதும், நம் மொழியைப் பேணுவதும் ஒரே பலகையில் ஒருங்கே அமையும்.

மக்களின் பங்கு

எத்துணைச் சட்டங்கள் இருப்பினும், நகரத்திலுள்ள ஒவ்வொரு பலகையையும் அலுவலர்கள் நாள்தோறும் பார்த்தல் அரிது. சாய்ந்த கம்பம், துருப்பிடித்த சட்டம், கிழிந்து தொங்கும் விளம்பரத் துணி, திறந்து கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றைக் கண்டால், அவற்றின் அருகில் செல்லாது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். அவர்கள் மாநகராட்சிக்குத் தெரிவிப்பர். பலத்த காற்று வீசும்போது பெரிய பலகைகளின் கீழ் ஒதுங்காதீர்கள். உறுதியான கட்டடத்துக்குள் செல்லுங்கள்.

பயிற்சி

1. எத்தகைய பலகைக்கு மும்பைச் சட்டப்படி தனி அனுமதி தேவையில்லை?

2. பலகையின் நீளமும் உயரமும் இருமடங்கானால் பரப்பளவு எத்தனை மடங்காகும்? கணக்கிட்டு எழுதுக.

3. ‘தாளில் உள்ள முத்திரை இரும்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை’ என்னும் தொடரின் பொருளை உம் சொற்களில் விளக்குக.

4. உம் வீட்டருகே உள்ள ஐந்து கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்து, அவற்றில் உள்ள மொழிகளைப் பட்டியலிடுக. அப்பெயர்களைத் தமிழ் எழுத்திலும் எழுதுக.