மூன்று மில்லிமீட்டர்

"சார், கையை வெச்சுப் பாருங்க" என்றார் அலைன்மென்ட் கடைக்காரர். வண்டி ரேம்ப்பில் ஏறி நின்றது. முன் டயரின் மேல் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் கையை ஓட்டினேன். ரம்பப் பல்லைத் தடவியது போல விரலில் நறநறவென்று தட்டியது. அதே இடத்தில் உள்ளிருந்து வெளியே ஓட்டினால் வழவழப்பு. அந்தப் பக்கத்து டயரும் அப்படியே. இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிக் கிடந்தது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது இன்னும் நல்ல டயர்தான்.

டிசம்பர் மழையில், தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருந்த குழியில் இடது முன்சக்கரம் தடாலென்று இறங்கியது. அன்றிலிருந்து வண்டி நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் கோணலாகவே நின்றது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் சொன்னேன்; வீல் பேலன்சிங் செய்து அனுப்பினார்கள். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசம் தெரியாமல் நானும் நாலு மாதம் ஓட்டியதன் பலன்தான் அந்த ரம்பம்.

கம்ப்யூட்டர் திரையில் வந்த கணக்கு: மூன்று மில்லிமீட்டர் டோ அவுட். அதாவது இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம், பின்புறத்தைவிட முன்புறத்தில் மூன்று மில்லிமீட்டர் அதிகம். இரண்டு பாதங்களையும் லேசாக வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடப்பது போல. மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 அங்குல ரிம்மில் இது ஒவ்வொரு சக்கரத்துக்கும் கால் டிகிரி. அப்படியென்றால் வண்டி ஒரு கிலோமீட்டர் போகும்போது ஒவ்வொரு முன் டயரும் சுமார் நான்கு மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு நான்கு கிலோமீட்டர். ரப்பரைத் தார்ச்சாலையில் வைத்து அவ்வளவு தூரம் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

நேராகப் போகும்போதே இப்படி என்றால், சக்கரத்தைத் திருப்புவது எவ்வளவு பெரிய பாடு என்று தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேரின் சக்கரம் தானாகத் திரும்பாது. வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டு, வடத்தை இழுத்து, சக்கரத்தை மண்ணில் அரைத்து அரைத்துத்தான் திருப்ப வேண்டும். குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் உள்ள ஓர் ஆணியில் திரும்பியது. மியூனிக் நகரில் வண்டி கட்டிய கியார்க் லாங்கன்ஸ்பெர்கர், 1817இல் இதை மாற்றினார். அச்சு அப்படியே இருக்கட்டும், இரண்டு சக்கரமும் தனித்தனியாகத் திரும்பட்டும் என்றார். அவருக்காக 1818இல் லண்டனில் காப்புரிமை எடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டுபிடித்தவரை விட்டுவிட்டு, இன்றுவரை உலகம் அதை ஆக்கர்மன் அமைப்பு என்றே சொல்கிறது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. ஒரு சின்ன கார் ஐந்து மீட்டர் ஆரத்தில் திரும்பினால், உரசாமல் உருள்வதற்கு உள்சக்கரம் சுமார் 29 டிகிரியும் வெளிச்சக்கரம் சுமார் 23 டிகிரியும் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி டை ராடு. அது வந்து சேருவது சக்கரத்தோடு பிணைந்த ஸ்டீயரிங் ஆர்மில். இந்த ஆறு டிகிரி வித்தியாசத்தை அந்த ஆர்மின் சாய்வே கொடுத்துவிடுகிறது.

டோவுக்கு அடுத்த கோணம் கேஸ்டர். சொல் புதிதாக இருக்கலாம், விஷயம் பழையதுதான். சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியிருப்பீர்கள். அதன் ஃபோர்க் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அதனால் சக்கரம் பின்தொடர்ந்து வந்து தானாக நேராகிறது. காரிலும் அதேதான். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் கைக்குள் வழுக்கிக்கொண்டு நேராக வருகிறதே, அந்த வேலையில் பெரும்பங்கு கேஸ்டருடையது. இரண்டு பக்கமும் கேஸ்டர் மாறுபட்டால், எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

மூன்றாவது கோணம் கேம்பர். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது. நிற்கும் வண்டியில் அளப்பது ஒன்று, வளைவில் ஓடும்போது அது என்ன ஆகிறது என்பது இன்னொன்று. உயிர் போகிற விஷயம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஷெவர்லே கார்வேர் கார் அதற்குச் சாட்சி. 1960 மாடலாக வந்த அந்தக் காரில் எஞ்சின் பின்னால் இருந்தது. எடையில் பெரும்பகுதியும் பின்னால்தான். பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்சில் வகை. அரை அச்சின் உள்முனையில் மட்டும் ஒரு மூட்டு, வெளிமுனையில் சக்கரம் அச்சோடு விறைப்பாகப் பிணைந்திருக்கும். தோளில் மட்டும் மூட்டு உள்ள, முழங்கை மணிக்கட்டு இல்லாத கையை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். வேகமாக வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கப் பின்சக்கரத்தைத் தரை உள்ளே தள்ளும். அந்தத் தள்ளலில் வண்டியின் பின்பகுதி மேலே எழும்பும். எழும்ப எழும்ப அந்தச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடியும். டயரின் பிடி சட்டென்று போகும். பின்பக்கம் வீசிச் சுழலும், சில நேரம் கவிழும்.

இதைச் சமாளிக்க கம்பெனி சொன்ன வழி காற்றழுத்தம்: முன் டயரில் 15, பின் டயரில் 26 பி.எஸ்.ஐ. முன்பிடி குறைந்தால் பின்பக்கம் வீசாது என்பது கணக்கு. நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு காற்றடிப்பதுதான் பொதுவான வழக்கம். காற்றடிக்கும் பையனின் நினைவாற்றலை நம்பி ஒரு காரை விற்கலாமா? முன்பக்கத்துக்கு ஆன்ட்டி ரோல் பார் என்கிற ஒரு வளைந்த கம்பி நிறைய உதவியிருக்கும். செலவைப் பார்த்து, தொடக்கத்தில் அதை வைக்காமல் விட்டார்கள். 1964 மாடலில் அந்தக் கம்பி வந்தது, பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங்கும் வந்தது. 1965இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டில்தான் ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகம் வெளிவந்தது. முதல் அத்தியாயமே கார்வேர் பற்றியது. 1966இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1972இல் அரசு ஆய்வு ஒன்று, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட கார்வேர் மோசமில்லை என்றது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. மற்ற கார்களும் அப்படித்தான் இருந்தன என்பதல்லவா அதன் பொருள்?

நம் ஊரில் அழகுக்காக அகலமான டயரும் வெளியே துருத்தும் ரிம்மும் மாட்டுகிறவர்களிடம் இதைச் சொல்ல ஆசை. சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை எஞ்சினியர்கள் மில்லிமீட்டரில் தீர்மானித்திருக்கிறார்கள். 1972இல் வந்த ஆடி 80 காரில், ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தாலும் வண்டி நேராகப் போகும்படி இந்தத் தூரத்தை வடிவமைத்தார்கள். ரிம் வெளியே தள்ளினால் அந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.

கடைக்காரர் என் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். இடது டை ராடு லேசாக வளைந்திருக்கிறது என்றார். வளைந்ததால் நீளம் குறைந்து, சக்கரத்தின் பின்பக்கத்தை உள்ளே இழுத்துவிட்டது.

"நட்டைத் திருப்பி ரீடிங்கை சரியாக் காட்டிடலாம் சார். ஆனா வளைஞ்ச ராடு. அடுத்த குழில முறிஞ்சா சக்கரம் அது பாட்டுக்குத் திரும்பிக்கும்."

"மாத்திடுங்கண்ணே."

புது ராடு போட்டார். ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திப் பூட்டினார். அடியில் படுத்து நட்டைத் தளர்த்தி, ஸ்பேனரால் ராடை இம்மி இம்மியாகத் திருப்பினார். திரையில் சிவப்பு எண் பச்சையானது. பிறகு சாலையில் ஓட்டிப் பார்த்தோம். கையைத் தளர்த்தியபோது வண்டி கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது. நான் பதறினேன். "அது ரோட்டு சரிவு சார், மழைத் தண்ணி ஓடுறதுக்குப் போட்டது" என்றார். நடுச்சாலைக்கு வந்ததும் நேராகப் போனது.

பழைய ராடைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டு மேசையில் உருட்டிவிட்டால் பாதிச் சுற்று போய், வளைவு தட்டி நின்றுவிடுகிறது. கண்ணால் பார்த்தால் இப்போதும் அது எனக்கு நேராகத்தான் தெரிகிறது.