ஊருக்குப் போறீங்களா? தோட்டத்தை யார் பார்த்துக்குவாங்க?

பள்ளிக்கூடம் மூடியதும் பாதி வீடுகள் ஊருக்குக் கிளம்பிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத்தோட்டத்துக்கு அதுதான் சோதனைக் காலம். அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தொட்டிக் கீரை கருகிவிடும்.

'யாராவது ஊற்றுவார்கள்' என்று விடாதீர்கள். தேதியும் வீட்டு எண்ணும் எழுதிய தாளை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போகும்! காலை 7 மணிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டிச் செடிகளுக்கு மாலையிலும் தேவைப்படும். வேரடியில் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ பரப்பினால் ஈரம் நிற்கும். ஏசியில் சொட்டும் நீரைப் பிடித்தும் ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம். அதையே தினமும் ஊற்றினால் மண் கெடும்.

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு எல்லாம் வெயிலைத் தாங்கும். தக்காளி அப்படியில்லை. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூவை உதிர்த்துவிடும். நோய் என்று மருந்து அடிக்காமல், பச்சை நிழல்வலை கட்டிப் பாருங்கள்.

சண்டை வருவது பூசணிப்பூவில்தான். பஜ்ஜிக்கு ஆசைப்பட்டு ஒருவர் எல்லாப் பூவையும் பறித்துவிட்டால், மற்றவர்களுக்குக் காய் இல்லை. பூவுக்கு அடியில் குட்டிக் காய் போல உருண்டையாக இருந்தால் அது பெண் பூ, தொடாதீர்கள். நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. மாடியில் தேனீ வராவிட்டால், விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். வேலை முடிந்த ஆண் பூ பஜ்ஜிக்குப் போகட்டும். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிய வீட்டுக்கே பூ என்று முடிவு செய்துகொண்டால் பேச்சுக்கே இடமில்லை.

முருங்கைப்பூ, அகத்திப்பூ, செம்பருத்தி, சங்குப்பூ என்று பறித்துப் பழகும் பிள்ளைகளுக்கு, தோட்டத்துப் பூ எல்லாமே தின்னலாம் என்று தோன்றும். அரளியோ பூ, இலை, தண்டு என முழுச்செடியும் விஷம். அழகுக்கு வைத்திருந்தாலும், சமையல் பூக்களுக்குப் பக்கத்தில் அது வேண்டாம். கடையில் வாங்கும் ரோஜாவும் மருந்து தெளித்து வளர்த்ததாக இருக்கலாம், சாப்பாட்டில் சேர்க்காதீர்கள். தோட்டத்தில் யாராவது பூச்சிமருந்து அடித்தால், எந்தச் செடிக்கு, எந்தத் தேதியில் என்று லிஃப்ட் பக்கத்துத் தாளிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.