ஜெப ஆலயத்தின் பேழையும் பீடமும்: கொச்சி காட்டும் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கின் சபைகளில் ஊழியஞ்செய்வோர் யூதருடைய ஜெப ஆலயத்தைப்பற்றி அடிக்கடி பிரசங்கிக்கின்றனர். ஆயினும் அதனுள் இருப்பவை எவை என்று வினவினால், நம்மில் பலர் எருசலேம் தேவாலயத்தின் பலிபீடத்தையும் தூபபீடத்தையுமே கூறிவிடுகிறோம். இது சிறிய பிழையன்று. ஆலயம் வேறு, ஜெப ஆலயம் வேறு என்பதை அறியாதவனுக்கு நாசரேத்தில் நம் ஆண்டவர் செய்த காரியத்தின் ஆழம் விளங்காது. தேனியிலிருந்து கம்பம், குமுளி வழியாக மலையைக் கடந்து மேற்கே செல்வோமாயின், கொச்சியில் இன்றும் நிலைத்திருக்கும் ஒரு ஜெப ஆலயத்தைக் கண்ணாரக் காணலாம். மட்டாஞ்சேரியிலுள்ள அந்தப் பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. 1662-இல் போர்த்துக்கீசியரால் சேதமாக்கப்பட்டு, டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் எடுப்பிக்கப்பட்டது. 1762-இல் பதிக்கப்பட்ட நீலவெண் சீன ஓடுகளும், தொங்கும் கண்ணாடி விளக்குகளும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் ஆராதனைக்கு உயிரானவை அவையல்ல.

1. பேழை. எருசலேமை நோக்கிய சுவரில் பேழை அமைந்திருக்கும். ஆகையால் கொச்சியில் அது மேற்குச் சுவரில் உள்ளது. கேரள யூதர் அதனை ‘ஹேக்கால்’ என்பர். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பெருங்கூடத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல்லே இது. அதன்முன் திரைச்சீலை தொங்கும். அருகே அணையா விளக்கு எரியும். இவை ஆசரிப்புக் கூடாரத்தை நினைவூட்டுகின்றன (யாத். 26:31, 27:20). எனினும் திரைக்கு அப்பால் கிருபாசனமில்லை, கேருபீன்களுமில்லை. அங்கே இருப்பவை தோராச் சுருள்கள் மட்டுமே.

2. சுருள். தோரா, தோலில் கையால் எழுதப்படுகிறது. ஓர் எழுத்துப் பிழைபட்டாலும், அது திருத்தப்படுமட்டும் அச்சுருளைச் சபையில் வாசிக்கலாகாது. வாசிப்போர் தோலை விரலால் தொடாமல், கைவடிவ முனையுடைய சுட்டுகோலால் வரிகளைப் பின்தொடர்வர். பழுதடைந்த சுருளை எறிந்துவிடாமல் நிலத்தில் அடக்கம்பண்ணுவர். கொச்சியில் சுருள்கள் உருளை வடிவமான மரப்பேழைகளில் நிறுத்திவைக்கப்படுகின்றன. வெள்ளித் தகடும் கிரீடமும் அவற்றை அலங்கரிக்கின்றன. அரசனுக்குரிய கிரீடம் ஒரு நூலின் தலைமேல் வைக்கப்படுவதை நாம் கவனிக்க வேண்டும்.

3. வாசிப்புப் பீடம். ‘தேபா’ எனப்படும் இது, பித்தளைக் கம்பியழி சூழக் கூடத்தின் நடுவே நிற்கிறது. நோவாவின் பேழைக்கும் (ஆதி. 6:14), குழந்தை மோசே வைக்கப்பட்ட நாணற்பெட்டிக்கும் (யாத். 2:3) எபிரெய வேதம் வழங்கும் சொல்லும் இதுவே. கேரள ஜெப ஆலயங்களுக்கே சிறப்பாயுரிய ஒன்று, மாடத்திலுள்ள இரண்டாம் பீடமாகும். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா அங்கிருந்து வாசிக்கப்பட்டது. பெண்கள் அமரும் பகுதி அதன் பின்புறத்தே உள்ளது. ஆதலால் தனியே அமர்த்தப்பட்ட அவர்களே வாசிக்கப்பட்ட வசனத்திற்கு மிக அருகிலிருந்தனர்.

இவற்றுள் பலிபீடம் எங்கே? இல்லை. பலி எருசலேமுக்கு உரியது, அவ்வாலயம் கி.பி. 70-இல் அழிந்தபின் அது எங்குமே செலுத்தப்படவில்லை. ஜெப ஆலயத்தின் மையம் வாசிக்கப்படும் வசனமே. இதை மனத்திற்கொண்டு லூக்கா 4:16-21-ஐ மீண்டும் படிப்போமாக. எழுந்து நிற்றல், சுருள் கொடுக்கப்படுதல், அதை விரித்தல், சுருட்டிப் பணிவிடைக்காரனிடம் ஒப்புவித்தல், உட்காருதல் ஆகிய ஒவ்வொரு செயலும் வழிபாட்டு ஒழுங்கைச் சார்ந்ததே. இயேசு அவ்வொழுங்கைப் புறக்கணிக்கவில்லை. அதற்குள் நின்றே தம் செய்தியை உரைத்தார். ஜெப ஆலயத்தை உயிரற்ற எழுத்தின் வீடு என்று பிரசங்கத்தில் இகழ்வோர், நம் ஆண்டவர் வழக்கமாய்ச் சென்ற வீட்டையே இகழ்கின்றனர்.

மற்றொரு பாடமும் உண்டு. 1948-இல் இஸ்ரவேல் நாடு உருவானபின் கொச்சி யூதரில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உள்ளமைப்பு எருசலேமிலுள்ள இஸ்ரவேல் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1995 முதல் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. சேந்தமங்கலம், பரவூர் ஜெப ஆலயங்களும் அருங்காட்சியகங்களாயின. மரபின்படி, வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் கூடாவிடில் தோராவைச் சபையாக வாசிக்க இயலாது. பரதேசி ஜெப ஆலயத்தில் பேழை உண்டு, பீடம் உண்டு, கிரீடமும் உண்டு. வாசித்துக் கேட்கும் உள்ளூர்ச் சபையோ கலைந்துபோயிற்று.

நம் பள்ளத்தாக்கிலும் வேலை தேடி இளைஞர் நகரங்களுக்குச் செல்கின்றனர்; ஆலயங்களோ புதுப்பிக்கப்பட்டு அழகுபெறுகின்றன. பீடத்தையும் விளக்கையும் காணிக்கையாகக் கொடுக்க அன்பர் பலர் முன்வருவர். ஆனால் கேட்கும் சபையை எவரும் காணிக்கையாகக் கொடுத்துவிட முடியாது. அதை வசனத்தால் வளர்ப்பதே ஆயரின் பணி. தளவாடங்கள் சபைக்கு ஊழியஞ்செய்யும் வரையிலேயே அவை பரிசுத்தமானவை என்பதை ஆயர்களாகிய நாம் மறவாதிருப்போமாக.