கொள்கைக்கு வாக்கா? பெரிய தீமையைத் தடுக்க வாக்கா?

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் நம் வீடுகளில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. "யார் நேர்மையானவராகத் தெரிகிறாரோ அவருக்குத்தான் ஓட்டு. தோற்றாலும் பரவாயில்லை, நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்" என்கிறார் மகன். "ஜெயிக்க முடியாதவருக்குப் போட்டால் வரக்கூடாதவர் வந்துவிடுவார். இருப்பவர்களில் யாரால் கெடுதல் குறைவோ அவருக்குப் போடு" என்கிறார் அத்தா. இருவருமே சமுதாயத்தின் நலனைத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் ஒருவர் மற்றவரை விவரம் தெரியாதவர் என்கிறார். மற்றவர் இவரைக் கொள்கை இல்லாதவர் என்கிறார்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்டுவிட்டு ஒதுங்கிப் போவது எளிது. ஆனால் நாம் ஒதுங்கினாலும் யாரோ ஒருவர் ஆளத்தான் போகிறார். ஆகவே இந்த இரு நிலைப்பாடுகளையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு விதிகள், ஒன்றை மட்டும் நினைவில் வைக்கிறோம்

வாக்களிப்பதைப் பற்றி விளக்கிய உலமாக்களில் பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்களின் கருத்து பரவலாக எடுத்துச் சொல்லப்படுகிறது. வாக்கு என்பது ஒரு சாட்சியம், ஒரு பரிந்துரை, நம் சார்பில் ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கும் வகாலத் என மூன்று தன்மைகள் கொண்டது என்று அவர்கள் விளக்கினார்கள். தகுதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரைத் தகுதியானவர் எனச் சாட்சி சொல்வது சாதாரண விஷயமல்ல. கொள்கைக்காக வாக்களிக்க வேண்டும் என்பவர்களின் பலம் இங்கேதான் இருக்கிறது.

மறுபக்கம், ஃபிக்ஹுச் சட்ட விதிகளில் புகழ்பெற்ற ஒன்று உண்டு. இரண்டு தீமைகளில் ஒன்றைத் தவிர்க்கவே முடியாது என்றால், பெரியதைத் தடுக்கச் சிறியதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பின் தொடக்கத்திலேயே இந்த விதி இடம்பெற்றுள்ளது. தேர்தல் காலத்தில் மேடைதோறும் நாம் கேட்பது இதைத்தான்.

ஆனால் அதே தொகுப்பில், அதற்குச் சற்று முன்னால், இன்னொரு விதியும் இருக்கிறது: நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் அனுமதி, அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே. பசியால் உயிர் போகும் நிலையில் ஹராமானதைச் சாப்பிட அனுமதி உண்டு. வயிறு முட்டச் சாப்பிடவோ, மறுநாளைக்கு எடுத்து வைக்கவோ அனுமதி இல்லை. முதல் விதியை நாம் மனப்பாடம் செய்துவிட்டோம். இரண்டாவதை மறந்துவிட்டோம். நம்முடைய தேர்தல் சிக்கலில் பெரும்பகுதி இந்த மறதியால் வந்தது.

பிரான்ஸில் நடந்தது

2002 ஏப்ரல் 21 அன்று பிரான்ஸில் அதிபர் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. போட்டியிட்டவர்கள் 16 பேர். யாரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிட்டால் முதல் இருவர் மட்டும் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள் என்பது அங்குள்ள முறை. வலதுசாரி ஷிராக்கும் இடதுசாரி ஜோஸ்பானும்தான் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் முதல் சுற்றில் இடதுசாரிகளின் வாக்கு பல சிறிய கட்சிகளுக்குச் சிதறியது.

முடிவு வந்தபோது நாடே அதிர்ந்தது. ஷிராக் 19.88 சதவீதம். குடியேறியவர்களுக்கு எதிராகவே அரசியல் நடத்திய லெ பென் 16.86 சதவீதம். ஜோஸ்பான் 16.18 சதவீதம். லெ பென்னுக்கும் ஜோஸ்பானுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 2 லட்சம் வாக்குகளுக்கும் குறைவு. இடதுசாரி அணியைச் சேர்ந்த தொபிரா என்ற வேட்பாளர் ஒருவர் மட்டுமே 6.6 லட்சம் வாக்குகள் பெற்றிருந்தார்.

இரண்டாம் சுற்றில் இடதுசாரி வாக்காளர்கள் தங்களுக்குச் சற்றும் பிடிக்காத ஷிராக்குக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாக்களித்தார்கள். அவருக்கு 82 சதவீதம் கிடைத்தது. லெ பென் தடுக்கப்பட்டார். இதுவரை முதல் விதி சரியாகவே வேலை செய்தது.

அதன் பிறகு என்ன ஆனது? 82 சதவீதம் பேரின் ஆதரவோடு வந்தவர் அத்தனை பேருக்குமான ஆட்சியை அமைக்கவில்லை. தன் வலதுசாரி அணியின் ஆட்சியையே அமைத்தார். 2004 மார்ச்சில் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையாகத் தெரியும் மத அடையாளங்களைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. முஸ்லிம் மாணவிகள் தலையை மறைத்துக்கொண்டு பள்ளிக்குள் நுழைய முடியாமல் போனது. தேசியச் சபையில் 494 பேர் ஆதரித்தார்கள், 36 பேர் மட்டுமே எதிர்த்தார்கள். சோஷலிஸ்டுகளில் பெரும்பாலோரும் ஆதரித்தவர்களில் அடக்கம்.

ஷிராக்குக்கு வாக்களித்தது தவறா? இல்லை என்றே நாம் சொல்வோம். லெ பென் வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் ஆபத்து கடந்ததும் நன்றிக்கடன் வாக்களித்தவர்களிடம் இருப்பதாக ஆகிவிட்டது. வாங்கியவர் எந்தக் கணக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிழை அங்கேதான்.

ஒரே மாநிலத்தில் இரு பாடங்கள்

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2000ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தல் இரு தரப்புக்கும் பாடம் வைத்திருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ் 537 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று அதிபரானார். இரு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்று கொள்கைக்காக நின்ற ரால்ஃப் நேடருக்கு அதே மாநிலத்தில் 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்திருந்தன.

அதே தேர்தலில் அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் சிலவற்றின் கூட்டமைப்பு கணக்குப் போட்டு புஷ்ஷை ஆதரித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே காட்டாத இரகசிய ஆதாரங்களை வைத்துக் குடியேறியவர்களைச் சிறையில் அடைக்கும் நடைமுறைக்கு எதிராக அவர் விவாத மேடையில் பேசியிருந்தார். 2001 அக்டோபரில் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கும் 'பேட்ரியாட்' சட்டத்தில் கையெழுத்திட்டவரும் 2003இல் இராக் மீது படையெடுத்தவரும் அதே புஷ்தான். கொள்கை வாக்கு மட்டுமல்ல, தந்திர வாக்கும் தவறிப்போகலாம். நாளை நடப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

எண்ணும் முறையைத் தெரிந்துகொள்வோம்

எல்லாத் தேர்தலும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் ஒரே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூவருக்கு விருப்பம் குறிக்கலாம். மனதுக்குப் பிடித்தவருக்கு 1, ஆபத்தைத் தடுக்கக்கூடியவருக்கு 2 என்று போட்டால் கொள்கையும் காப்பாற்றப்படுகிறது, வாக்கும் வீணாவதில்லை. 2024 செப்டம்பரில் யாரும் 50 சதவீதத்தைத் தாண்டாததால் முதல்முறையாக இரண்டாம் கட்ட எண்ணிக்கை நடந்தது. முதலிரு இடங்களைப் பிடிக்காத வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் சுமார் 33 லட்சம். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் 2.73 லட்சம் மட்டுமே. கையில் இருந்த வாய்ப்பைப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை.

இந்தியாவில் நமக்கு அந்த வசதி இல்லை. ஒரே வாக்கு, அதிகம் பெற்றவர் வெற்றி. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவும் முடிவை மாற்றுவதில்லை. 2024இல் இந்தூர் தொகுதியில் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. முதலிடம் பெற்ற வேட்பாளர் வழக்கம்போல் வெற்றி பெற்றார். நோட்டா நம் அதிருப்தியைப் பதிவு செய்யும். யாரையும் தடுக்காது.

ஆகவே நம் தொகுதியின் நிலவரமே முக்கியம். இருவருக்கிடையே கடும் போட்டி, அவர்களில் ஒருவர் வந்தால் நம் உயிருக்கும் உரிமைக்கும் ஆபத்து என்றால், அங்கே சிறிய தீமையைத் தேர்ந்தெடுப்பதே பொறுப்பான செயல். முடிவு ஏற்கெனவே தெரிந்த தொகுதியிலோ, இருவரில் யார் வந்தாலும் பெரிய வேறுபாடு இல்லாத இடத்திலோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. அங்கே தகுதியானவருக்கு வாக்களித்து அவர் வளர உதவலாம். உள்ளாட்சித் தேர்தலில் இதற்கு இன்னும் அதிக இடம் உண்டு.

வாக்களித்த பிறகு

'குறைந்த தீமை' என்பது எந்தக் கட்சிக்கும் நிரந்தரப் பட்டம் அல்ல. 1998இல் பாஜகவுடன் கூட்டணி வைத்தது அதிமுக. 1999இல் அதே பாஜகவுடன் கூட்டணி வைத்தது திமுக. எனவே ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகக் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

பார்க்க வேண்டிய கணக்கு மேடைப் பேச்சில் இல்லை, அவையில் போட்ட வாக்கில் இருக்கிறது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்று அதை ஆதரித்த அதிமுகவுக்கு அந்த அவையில் 11 உறுப்பினர்கள் இருந்தார்கள். 20 வாக்கு வித்தியாசத்தில் 11 பேர் அணி மாறினால் என்ன ஆகும் என்பதை நம் பிள்ளைகளே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவார்கள்.

ஜமாஅத்துகளும் குடும்பங்களும் செய்யக்கூடியது இதுதான். வாக்கு கேட்டு வருபவரிடம் இரண்டு மூன்று கோரிக்கைகளைத் தெளிவாக எழுதிக் கொடுப்போம். வென்ற பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தாளோடு போய்க் கேட்போம். தவறு செய்தால், நாம் வாக்களித்தவர் என்பதற்காக மௌனமாக இருக்க மாட்டோம். வாக்களித்தது நிர்ப்பந்தத்தின் அளவுக்குத்தான். அவருடைய அநீதிக்கும் சேர்த்து நாம் சாட்சி சொல்லவில்லை.

வீட்டில் பிள்ளை கொள்கை பேசினால் அதட்டி அடக்க வேண்டாம். அந்த மனசாட்சி இல்லாவிட்டால் நாளைக்குக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. பெரியவர்கள் ஆபத்தைச் சொன்னால் கேலி செய்யவும் வேண்டாம். அவர்கள் கலவரங்களையும் கைதுகளையும் பார்த்தவர்கள். இரண்டு பேச்சையும் கேட்டு, நிய்யத்தைத் தூய்மையாக்கி, நம் தொகுதியின் நிலையை விசாரித்து, இஸ்திகாரா செய்து வாக்குச்சாவடிக்குப் போவோம். நம் வாக்கை அமானிதமாகப் பேணவும், அதன் பிறகும் உண்மையைத் துணிந்து சொல்லவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக.